வினைலை வினைல் என்று சொன்னால் என்ன?

2016இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், கீன் என்கிற ஊரில் நடந்தது இது. கடை வாசலில் நிறுத்தியிருந்த ஒரு காருக்குள் பச்சைக் குழந்தை ஒன்று அசைவில்லாமல் கிடக்கிறது என்று போலீசுக்குத் தகவல் போனது. நல்ல வெயில் நேரம். வந்த அதிகாரி கார்க் கண்ணாடியை உடைத்து, குழந்தையை வெளியே எடுத்து, உயிர் கொடுக்கப் பார்த்தார். வாயில் விரலை வைத்தபோதுதான் தெரிந்தது, அது பொம்மை என்று.

எல்லோரும் சிரித்துவிட்டு மறந்துபோன செய்தி. எனக்கு அதில் ஒன்று மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டது. அந்த அதிகாரியின் கண் ஏமாந்தது. விரல் ஏமாறவில்லை. தொட்ட மாத்திரத்தில் பொருள் என்னவென்று விரல் சொல்லிவிட்டது. ஆனால் இந்தப் பொம்மைகளை இணையத்தில் வாங்குகிறவர்களுக்கு அந்த விரல் கிடையாது. திரையில் படத்தைப் பார்த்து, படத்துக்குக் கீழே எழுதியிருப்பதை நம்பி, பணத்தைக் கட்டுகிறார்கள். அந்தக் 'கீழே எழுதியிருப்பதை'ப் பற்றித்தான் இன்றைக்குப் புலம்பப் போகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன முன்கதை. இவற்றுக்கு 'ரீபார்ன்' பொம்மை என்று பெயர். மறுபிறவி எடுத்த பொம்மை என்று வைத்துக்கொள்ளலாம். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பொம்மைப் பித்துப் பிடித்த சிலர், கடையில் விற்கும் சாதாரணக் குழந்தைப் பொம்மையைப் பிரித்து, தொழிற்சாலைச் சாயத்தைத் துடைத்துவிட்டு, தாங்களே திரும்ப வண்ணம் தீட்ட ஆரம்பித்தார்கள். பிறகு ஈபே வந்தது, வியாபாரம் பிடித்துக்கொண்டது. இன்றைக்குச் சிற்பிகள் தலை, கை, கால்களைக் களிமண்ணில் வடித்து, அதை அச்செடுத்து, வண்ணம் பூசாத வெற்று உறுப்புகளாகவே விற்கிறார்கள். வாங்குகிற கலைஞர் அதன் மேல் மெல்லிய அடுக்கு அடுக்காக வண்ணம் தீட்டி, ஒவ்வொரு அடுக்கையும் சுமார் 130 டிகிரி செல்சியசில் அடுப்பில் வைத்து இறுக்கி, தோலுக்கு அடியில் ஓடும் நீல நரம்பு, நகக்கண்ணின் சிவப்பு, பிறந்த குழந்தையின் தோலில் தெரியும் திட்டுத்திட்டான நிறம் எல்லாவற்றையும் கொண்டுவருகிறார். தலைமுடியை ஊசியால் ஒன்றொன்றாகக் குத்தி நடுகிறார். உள்ளே பஞ்சும் கண்ணாடி மணிகளும் போட்டுக் குழந்தையின் எடையைக் கொடுக்கிறார். ஒரு பொம்மைக்கு வாரக்கணக்கில் ஆகும். விலை சில நூறு டாலர். பெயர் பெற்ற கைகள் என்றால் ஆயிரத்தைத் தாண்டும்.

இதில் எனக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் வேதியியல் மாணவன். போன பருவத்தில் பாலிமர் பாடத்துக்கு செமினார் கொடுக்க வேண்டியிருந்தது, தலைப்பு சிலிக்கோன் ரப்பர். அதன் பயன்பாடுகளைத் தேடிப் போனபோதுதான் இந்தக் குழந்தைகள் கண்ணில் பட்டன. 'ஐம்பது டாலர், முழு உடலும் சிலிக்கோன் வினைல், நிஜக் குழந்தை போன்ற தோல்' என்று ஒரு விளம்பரம். படிக்கும்போதே இடறியது. சிலிக்கோன் வினைலா? அது என்ன பிராணி? ஒன்றுதான் அப்படியாக்கும் என்று பார்த்தால், அடுத்ததும் அப்படி, அதற்கு அடுத்ததும் அப்படி. செமினாரை விட்டுவிட்டு இரண்டு நாள் இதையே பார்த்துக்கொண்டிருந்தேன். (செமினார் சுமாராகத்தான் போனது. அது வேறு கதை.)

இரண்டும் என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வினைல் என்று பொம்மைக்காரர்கள் சொல்வது பிவிசி. நம் வீட்டுத் தண்ணீர்க் குழாயில் இருக்கும் அதே பாலிவினைல் குளோரைடுதான். முதுகெலும்பு முழுக்கக் கார்பன், அதில் தொங்கிக்கொண்டிருப்பது குளோரின். குழாயில் கட்டையாக இருப்பது பொம்மையில் மெத்தென்று ஆகக் காரணம், அதில் கலக்கிற பிளாஸ்டிசைசர் என்னும் எண்ணெய் போன்ற திரவம். சிலிக்கோனின் முதுகெலும்பில் கார்பனே கிடையாது. சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறி வரும். மணலுக்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்று சொல்லலாம். எரித்தால் வெள்ளைச் சாம்பலாக சிலிக்கா மிஞ்சும். பிவிசியை செம்புக் கம்பி நுனியில் தொட்டு சுடரில் காட்டினால் சுடர் பச்சையாகும். பெயில்ஸ்டைன் 1872இல் சொன்ன சோதனை, இரண்டாம் வருட ஆய்வகத்தில் எல்லோரும் செய்திருப்போம். ஒன்றுக்கொன்று எந்த உறவும் இல்லாத இரண்டு பொருட்கள்!

இங்கே ஒரு புத்திசாலி எழுந்து, 'வினைல் சிலிக்கோன் என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறதே' என்பார். இருக்கிறது ஐயா, மறுக்கவில்லை. சிலிக்கோன் ரப்பரை இறுக்குவதற்காக அதன் சங்கிலியில் அங்கங்கே சின்னச் சின்ன வினைல் தொகுதிகளை வைப்பார்கள். பிளாட்டினம் வினையூக்கி அவற்றைப் பிடித்துப் பின்னும். அந்த வினைல் என்பது இரண்டு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் உள்ள ஒரு துணுக்கு. அதற்கும் பிவிசிக்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான். ஐம்பது டாலர் பொம்மை விற்கிறவர் சொல்வது இதை அல்ல என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் விற்பது சுத்தமான பிவிசி. முன்னால் ஒரு 'சிலிக்கோன்' ஒட்டவைத்திருக்கிறார். அவ்வளவுதான்.

ஏன் ஒட்டவைக்கிறார்? காசு. முழுக்க முழுக்க சிலிக்கோனில் வார்த்த குழந்தை என்பது வேறு உலகம். அது உள்ளே வெற்றிடமான ஓடு அல்ல, பெரும்பாலும் திடமாக ஊற்றப்படுவது. கன்னத்தைக் கிள்ளினால் சதை போலப் போய்த் திரும்பும். பிறந்த குழந்தை அளவில் செய்தால் தானாகவே மூன்று கிலோவைத் தாண்டும், மணி எதுவும் போட வேண்டியதில்லை. விலை பல ஆயிரம் டாலர். அந்தச் சொல்லுக்கு இருக்கிற மவுசை வினைல் மேல் தெளித்தால், வாங்குகிறவர் மனதில் ஒரு கணக்கு ஓடும்: ஆயிரக்கணக்கில் விற்பதை யாரோ மலிவாகத் தருகிறார்கள், விடக் கூடாது. நம் ஊர் ஜவுளிக்கடையில் 'ஆர்ட் சில்க்' என்று சொல்லி செயற்கை இழையை விற்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. அங்கே 'ஆர்ட்' என்பது ஆர்ட்டிஃபிஷியல் என்பதன் சுருக்கம் என்றாவது ஒரு சமாதானம் உண்டு. இங்கே அதுவும் இல்லை.

ஆய்வகத்தில் என் பக்கத்து மேசை நண்பனிடம் இதைச் சொன்னபோது, 'டேய், பொம்மையே ஒரு ஏமாத்து. குழந்தை இல்லாததைக் குழந்தை மாதிரி காட்டுறாங்க. அதுல பிளாஸ்டிக் எதுன்னு சண்டை போடுறியா?' என்றான். நான் பல நாள் யோசித்த கேள்வி இதுதான், ஏனென்றால் விற்பவர்களில் பலரும் இதையே வேறு மொழியில் சொல்கிறார்கள். மாயைதானே விற்கிறோம், அதில் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் என்ன?

என் பதில் இது. அது குழந்தை இல்லை என்பது வாங்குகிறவருக்குத் தெரியும். நாடகத்துக்குப் போகிறவனுக்கு ராஜா ராஜா இல்லை என்று தெரிகிற மாதிரி. இருவரும் ஒப்புக்கொண்டு ஆடுகிற ஆட்டம் அது. அதில் யாரும் ஏமாறவில்லை. ஆனால் நாடகத்துக்கு முன்வரிசை டிக்கெட் என்று சொல்லிப் பணம் வாங்கிவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்தால், 'எல்லாமே நடிப்புதானே சார்' என்று பதில் சொல்ல முடியுமா? பொம்மையின் முகம் எவ்வளவு வேண்டுமானாலும் பொய் சொல்லட்டும், அதற்குத்தான் அந்தக் கலைஞர் வாரக்கணக்கில் உட்கார்ந்தார். விற்பனை விவரத்துக்கு அந்த உரிமை கிடையாது. அதிலும் மற்றதையெல்லாம் படத்தில் ஓரளவு பார்த்துக்கொள்ளலாம். மூக்கு சரியில்லை, உதட்டுச் சாயம் அதிகம், கண் ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது எல்லாம் தெரிந்துவிடும். என்ன பொருளால் ஆனது என்பது மட்டும் படத்தில் தெரியவே தெரியாது. வாங்குகிறவர் குருடாக இருக்கிற அந்த ஒரே இடத்தில் போய்ப் பொய் சொல்வது எப்படி சின்ன விஷயம் ஆகும்?

சரி, பொருள் மாறினால் என்ன குடி முழுகிப்போகும்? முழுகத்தான் செய்யும், அதுவும் நிஜமாகவே தண்ணீரில். முழு சிலிக்கோன் பொம்மையைக் குளிப்பாட்டலாம், விற்பவர்கள் சொல்கிற பெரிய கவர்ச்சியே அதுதான். பெரும்பாலான வினைல் பொம்மைகளின் உடல் துணி. தலையும் கை கால்களும் மட்டுமே வினைல், உள்ளே பஞ்சு. 'முழு சிலிக்கோன்' என்று நம்பி வாங்கியவர் அதைத் தொட்டியில் இறக்கினால் துணி வழியாகத் தண்ணீர் உள்ளே போகும், பஞ்சு ஊறும், வெளியே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே பூசணம் பிடிக்கும். நட்ட முடியின் வேர்களை உள்ளிருந்து பசை வைத்துத்தான் நிறுத்தியிருப்பார்கள், அதுவும் இளகலாம். மறுபக்கமும் இருக்கிறது. சிலிக்கோன் எளிதில் கிழியும், விரலிடுக்கில் ஒரு கீறல் விழுந்தால் இழுக்க இழுக்கப் போகும். சாதாரணப் பசை எதுவும் அதில் ஒட்டாது, சிலிக்கோனை சிலிக்கோனால்தான் ஒட்ட முடியும். தன் கையில் இருப்பது எது என்று தெரியாதவர் அதை எப்படிப் பராமரிப்பார்?

அடுத்தது குழந்தைகள். பல விற்பனை விவரங்களில் கீழே பொடி எழுத்தில் 'சேகரிப்பாளர்களுக்கானது, 14 வயதுக்கு மேல், விளையாட்டுப் பொருள் அல்ல' என்று இருக்கும். இது சும்மா போடும் வரி அல்ல. ஐரோப்பாவின் 2009ஆம் ஆண்டுப் பொம்மைப் பாதுகாப்பு உத்தரவு, இப்படி எழுதப்பட்ட சேகரிப்புப் பொருட்களை விளையாட்டுப் பொருள் என்ற வரையறைக்கு வெளியே வைத்தது. வெளியே போனால் விளையாட்டுப் பொருளுக்கான சோதனைகளும் இல்லை. வினைலை மெத்தென்று ஆக்கும் பிளாஸ்டிசைசர்களில் தாலேட் வகையைச் சேர்ந்த சிலவற்றைக் குழந்தைகளின் விளையாட்டுப் பொருட்களில் 0.1 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது என்று ஐரோப்பா 2005இலும் அமெரிக்கா 2008இலும் சட்டம் செய்தன. வயது வந்தவர் அலமாரியில் வைக்கிற பொருளுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. நேர்மையாகச் சேகரிப்பாளருக்கு விற்கிறவர் அப்படி எழுதுவதில் தப்பே இல்லை. மேலே நாலு வயதுப் பெண் குழந்தை அந்தப் பொம்மைக்கு முத்தம் கொடுக்கும் படத்தைப் போட்டு, 'பாதுகாப்பான சிலிக்கோன், சிறந்த பிறந்தநாள் பரிசு' என்று எழுதிவிட்டு, கீழே 14 வயது வரியையும் போடுகிறார்களே, அவர்களைத்தான் சொல்கிறேன். பாட்டிக்கு ஒரு கதை, நீதிமன்றத்துக்கு ஒரு கதை.

'மருத்துவத் தர சிலிக்கோன்' என்பது இன்னொரு பம்மாத்து. மருத்துவத் தரம் என்பது ஒரு வாசனை அல்ல, தெளித்துக்கொள்வதற்கு. குறிப்பிட்ட கலவையை, குறிப்பிட்ட முறையில் இறுக்கி, சோதித்துக் கொடுக்கிற சான்று. அந்த டப்பாவை வாங்கி வந்து, சொந்தமாக நிறமி கலந்து, இன்னும் மெத்தென்று வர சிலிக்கோன் எண்ணெயும் சேர்த்து ஊற்றினால் அந்தச் சான்று டப்பாவோடு நின்றுவிடும். எண்ணெய் அதிகமானால் பின்னால் அது மேற்பரப்புக்குக் கசிந்து பிசுபிசுக்கும். துணிப் பிசிறு, தூசி எல்லாம் ஒட்டும். இறுக்குவதிலும் இரண்டு வகை உண்டு. பிளாட்டினம் வினையூக்கியால் இறுக்கினால் நெடுநாள் தாங்கும். தகரத்தால் இறுக்குவது மலிவு, ஆனால் அந்த வகை ரப்பர் சில வருடங்களில் நலிந்துபோகும். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குகிறவருக்கு இதில் எது என்று சொல்லக் கூடாதா?

எனக்கு உண்மையாகவே கோபம் வந்த இடம் வேறு. காந்தம்.

பல பொம்மைகளின் வாய்க்குப் பின்னால் ஒரு காந்தமும், வாயில் வைக்கிற ரப்பர் சூப்பானில் ஒரு காந்தமும் இருக்கும். கிட்டே கொண்டுபோனால் சட்டென்று ஒட்டிக்கொள்ளும், குழந்தை வாய் வைத்துச் சப்புகிற மாதிரி இருக்கும். அழகான யோசனைதான். இந்தப் பொம்மைகள் எங்கெல்லாம் போகின்றன என்று பாருங்கள். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் டிமென்ஷியா வந்த முதியவர்களுக்கு, குறிப்பாகப் பாட்டிகளுக்கு, குழந்தைப் பொம்மையைக் கொடுக்கிற வழக்கம் பல காப்பகங்களில் இருக்கிறது. பதற்றம் குறைகிறது, முகம் மலர்கிறது என்கிறார்கள் பராமரிப்பவர்கள். அந்த வயதில் பலருக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் இருக்கும். வழக்கமாக அதை வைப்பது காறை எலும்புக்குக் கீழே, பெரும்பாலும் இடப்பக்கம். பாட்டி குழந்தையை எங்கே அணைப்பாள்? அதே இடத்தில்தான், தலை நெஞ்சோடு சாய்ந்திருக்கும்படி. காந்தம் கிட்டே வந்தால் பேஸ்மேக்கர் தன் வழக்கமான வேலைமுறையிலிருந்து மாறிவிடக்கூடும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2021இல், காந்தம் உள்ள கைப்பேசி, கைக்கடிகாரங்களையே இந்தக் கருவிகளிலிருந்து ஆறு அங்குலம் தள்ளி வைக்கச் சொன்னது. கைப்பேசியையாவது கட்டிப்பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் யாரும் உட்கார மாட்டார்கள்.

பாதிப்பு எத்தனை பேருக்கு வரும் என்று நான் இங்கே கணக்குச் சொல்ல வரவில்லை. 'வாயில் காந்தம் இருக்கிறது, பேஸ்மேக்கர் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளுங்கள்' என்று ஒரு வரி. அதை எழுதினால் வியாபாரம் படுத்துவிடுமா? அக்கறையுள்ள கலைஞர்கள் பலர் எழுதுகிறார்கள், காந்தம் வேண்டாம் என்றால் வைக்காமலும் தருகிறார்கள். 'காந்த சூப்பான் இலவசம்!!!' என்று மூன்று ஆச்சரியக்குறி போடுகிறவர்களுக்குத்தான் அந்த ஒரு வரிக்கு இடம் இல்லாமல் போகிறது. சின்னக் குழந்தைகள் இப்படிப்பட்ட காந்தங்களை இரண்டாக விழுங்கிவிட்டால் குடலின் இரு மடிப்புகளை நடுவில் வைத்து அவை ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குழந்தையைப் பறிகொடுத்தவர்களும் வாங்குகிறார்கள். சிலர் புகைப்படம் கொடுத்து, அதே முகம் வேண்டும் என்று கேட்டுச் செய்யச் சொல்கிறார்கள். இதைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கருத்து உண்டு, எனக்கு அதில் தீர்ப்பு சொல்கிற வயதும் இல்லை, அனுபவமும் இல்லை. ஒன்று மட்டும் தெரியும். அப்படி வாங்குகிறவர் பெட்டியைப் பிரித்து, எழுதியிருந்ததுபோல் இல்லை என்று கண்டுபிடித்தால், திருப்பி அனுப்பப் போராடுகிற மனநிலையில் இருக்க மாட்டார். அதைத் தெரிந்துகொண்டே சிலர் விற்கிறார்கள்.

இப்போது சாக்குகளுக்கு வருவோம். 'எல்லோரும் சிலிக்கோன் வினைல் என்றுதான் போடுகிறார்கள். நான் மட்டும் வினைல் என்று போட்டால் தேடலில் வரவே மாட்டேன்.' இதைச் சொல்கிறவர்களில் நல்லவர்களும் இருக்கிறார்கள் என்பதால் கொஞ்சம் யோசித்துத்தான் எழுதுகிறேன். நீங்கள் ஒருமுறை அப்படிப் போடுகிறபோது, வினைல் என்று உள்ளபடி எழுதுகிற இன்னொரு கலைஞரின் பொம்மை இரண்டாந்தரம் போலத் தோன்றுகிறது. அவர் அதே அச்சில், உங்களைவிட நன்றாகவே தீட்டியிருக்கலாம். நான்கு மாதம் பொறுப்பார். ஐந்தாவது மாதம் அவரும் 'சிலிக்கோன்' சேர்த்துவிடுவார். இப்படித்தான் ஒரு சொல் செத்துப்போகிறது. நிஜமாகவே சிலிக்கோனில் ஊற்றுகிறவர் பாவம், 'முழு சிலிக்கோன்' போதாமல் 'நிஜமான முழு சிலிக்கோன், வினைல் அல்ல' என்று எழுத வேண்டியிருக்கிறது.

இதில் எனக்குப் புரியாத வேடிக்கை ஒன்று. வினைல் என்று சொல்ல இவர்கள் எதற்குக் கூச்சப்படுகிறார்கள்? வண்ண வேலைக்கு வினைல்தான் ராஜா. வெப்பத்தில் இறுகும் வண்ணத்தை அது அழகாக ஏற்கும், இருபது அடுக்கு போட்டாலும் தாங்கும், தப்பாகப் போனால் துடைத்துவிட்டுத் திரும்ப ஆரம்பிக்கலாம். சிலிக்கோனில் இந்தச் சுதந்திரம் இல்லை. சிலிக்கோன் அடிப்படையிலான வண்ணம்தான் நிற்கும், அதை வைத்து வேலை செய்வதும் சிரமம். இந்தக் கலையின் பெரும்பகுதி வளர்ந்ததே வினைலின் மேல்தான். அதை மறைப்பது, நல்ல கைத்தறிப் பருத்தி நெய்கிறவன் அதைப் பட்டு என்று சொல்லி விற்கிற மாதிரி. அவமானம் யாருக்கு?

1920களில் ஜெர்மனியில் கேத்தே குருசே என்ற பொம்மைக் கலைஞர், பிறந்த குழந்தையின் எடையோடு, தூக்கினால் தலை சாய்கிற மாதிரி துணியில் குழந்தைப் பொம்மைகள் செய்தார். இளம் தாய்மார்களுக்குக் குழந்தையைத் தூக்கப் பழக்கிக் காட்டவும் அவை பயன்பட்டன. எடைக்கு அவர் உள்ளே போட்டது மணல். அதற்கு ஜனங்கள் வைத்த பெயர் 'மணல் குழந்தை'. உள்ளே என்ன இருக்கிறதோ அதுவே பெயர்! இன்றைக்கு அந்தப் பழைய பொம்மைகளைத் தேடிப்பிடித்துப் பெரும் விலை கொடுத்து வாங்குகிறார்கள். உள்ளே இருப்பது மணல் என்று தெரிந்துதான்.

'மொத்த வியாபாரி சிலிக்கோன் என்றுதான் சொன்னார், நான் அதையே எழுதினேன்' என்பது அடுத்த சாக்கு. இதற்கு ஆங்கிலேயச் சட்டத்தில் ஒரு சுவாரசியமான வழக்கு இருக்கிறது. 1967இல் தீர்ப்பான பீல் எதிர் டெய்லர். ஒருவர் தன் சொந்தக் காரை '1961 ஹெரால்டு' என்று பத்திரிகையில் விளம்பரம் செய்தார். வாங்கியவர் நேரில் வந்து பார்த்துத்தான் வாங்கினார். பிறகு பார்த்தால் பின்பாதிதான் 1961 மாடல். முன்பாதி அதைவிடப் பழைய வேறு காரினுடையது. யாரோ இரண்டையும் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். விற்றவருக்கும் அது தெரியாது, அவர் வியாபாரியும் அல்ல. ஆனாலும் நீதிமன்றம், விவரித்தபடி பொருள் இல்லை என்று வாங்கியவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. விவரம் எழுதினால் பொறுப்பு எழுதியவருடையது. 'சிலிக்கோன் வினைல்' என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வெட்டி ஒட்டிய கார்தான் ஞாபகம் வருகிறது.

சொந்தக் கையால் பொம்மை செய்கிறவருக்கு 'தெரியாது' என்று சொல்கிற வாய்ப்பே கிடையாது என்பது என் கட்சி. அடுப்பில் வைத்தது அவர். முடியை ஊசியில் கோத்தது அவர். மோஹேர் என்பது அங்கோரா ஆட்டின் மயிர். ஓர் இழையைக் கொளுத்தினால் மயிர் பொசுங்குகிற நாற்றம் வரும், விரலில் நசுக்கினால் பொடியாகும். செயற்கை இழை என்றால் உருகிக் குமிழாகிவிடும். பட்டுப் புடவை வாங்கும்போது நூல் எடுத்துக் கொளுத்திப் பார்க்கிற அம்மாக்களுக்கு இது பால பாடம். நாள்கணக்கில் அந்த முடியைத் தொட்டுக்கொண்டிருந்தவருக்கு ஓர் இழையைக் கொளுத்திப் பார்க்க அரை நிமிடம் இல்லையா?

போலி அச்சுகளும் இதே கதைதான். பெயர் பெற்ற சிற்பி இத்தனை பிரதிதான் என்று எண்ணிட்டு, சான்றிதழோடு வெளியிடுவார். யாரோ அதில் ஒன்றை வாங்கி, அதிலிருந்தே அச்செடுத்து, திரும்ப வார்த்துவிடுவார்கள். வார்த்த வினைல் ஆறும்போது சுருங்கும் என்பதால் நகலின் நகல் கொஞ்சம் சிறுத்துவிடும், உள்ளங்கை ரேகை மழுங்கிவிடும். விளம்பரத்திலோ அசல் கலைஞரின் படமே இருக்கும். படம் ஒருவருடையது, அச்சு ஒருவரிடம் திருடியது, பொருளின் பெயர் பொய். அந்தப் பெட்டியில் வந்து சேர்வதில் அட்டை மட்டும்தான் நிஜம் போலிருக்கிறது :-)

நண்பனிடம் இதையெல்லாம் கொட்டியபின், 'சரிடா, ரொம்பப் பேசறியே, நீயா இருந்தா எப்படி எழுதுவ?' என்று சவால் விட்டான். ஆய்வக நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் காட்டினேன்:

'தலை, கை, கால்: வினைல். உடல்: துணி. உள்ளே: பாலியஸ்டர் பஞ்சு, கண்ணாடி மணி. முடி: செயற்கை இழை. வாயில் காந்தம் உண்டு. குளிப்பாட்டக் கூடாது.'

எண்ணிப் பார்த்தான். இருபது சொல்கூட வரவில்லை.